மைக்கல் நடித்த இத்தாலிய நாடகம்

உன் புருஷன் எங்கே என்று கேட்டால் சுகிர்தம் சொல்லும் பதில் பதின்மூன்று வருடத்தில் இரண்டு தரம் மாறியிருந்தது. முதல் இரண்டு வருடம் "இத்தாலியில" என்பாள். கேட்காதவர்களிடமும் போய்ச் சொல்வாள். பிறகு கொஞ்ச காலம் "வெளிநாட்டுல" என்றாள். கடைசியில் "தெரியாதுங்க" என்பதோடு வாயை மூடிக்கொண்டாள். நோர்வூட்டுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் யாரும் அதற்கு மேல் தோண்டவில்லை. ஆளாளுக்கு ஒரு கவலை இருந்தது, இவள் கவலையைக் கிளறிப் பார்க்க யாருக்கு நேரம்.

மைக்கலைக் கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் நமக்கும் வேலை சுருக்கமாக முடிந்துவிடும். ஆனால் அவன் அவ்வளவு லேசில் பிடிபடுகிற ஆள் இல்லை. கள்ளுக் குடித்தது கிடையாது, கை நீட்டினது கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் போடுகிற பாஸ்கா நாடகத்தில் ஏழு வருடம் விடாமல் அவன்தான் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பிலாத்து. இயேசுவாக நின்றவனை ஜனம் பார்க்காது. பிலாத்து எப்போது பேசுவான் என்றுதான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். கீழ்ப்பிரிவு வரைக்கும் கேட்கிற குரல். அந்தக் குரலுக்குத்தான் சுகிர்தம் கழுத்தை நீட்டினாள். நீட்டின பிறகுதான் தெரிந்தது, குரல் மேடைக்கு உதவும், அடுப்புக்கு உதவாது என்று. தோட்டத்து வேலை அவனுக்குக் கேவலம். கொழும்பில் கடை வேலை ஆறு மாதம், ஹட்டனில் மரக்கறி லொறி மூன்று மாதம், மிச்ச நாளெல்லாம் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஊர்க் கதை.

ஜெனுஷாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது நீர்கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து அவன் கிளம்பினான். "ஒரே வருஷம், சுகிர்தம். புள்ளைய கான்வென்டுல சேக்கலாம்" என்றான். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய, காதில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு வருடம் போன் வந்தது. 2014 நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு நாளுக்கு, முதல் வாரம் கடைசியாகப் பேசினான். அங்கே குளிர் தாங்க முடியவில்லை என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பரை எடுத்தால் ஒரு பெண் குரல் வேறு பாஷையில் எதையோ சொல்லிவிட்டு வைத்துவிடும். அது ரெக்கார்டு என்று ஜெனுஷா விளக்கிச் சொல்லும்வரை, அவள் யாரோ என்று சுகிர்தம் நாலு மாதம் வயிறெரிந்தாள்.

இந்தப் பதின்மூன்று வருடமும் அவள் மழைக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், அட்டைக் கடியைச் சொறிந்தாள், மகளைப் படிக்கவைத்தாள். மைக்கலின் அம்மா சவரியம்மாவையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். கிழவிக்கு எழுபத்து நாலு வயது. கண் கொஞ்சம் மங்கல், காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. மருமகள் சமைத்த குழம்பில் உப்புக் குறைந்தால் அடுத்த லயத்து வீட்டு வரிசைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். ஆனால் சுகிர்தத்துக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்து விடுவதும் அதே கிழவிதான். இரண்டு பேருக்கும் இடையில் மைக்கல் ஒருவன்தான் வழக்கு. "எம்புள்ள வருவான்" என்பாள் கிழவி. "வரட்டுமே" என்பாள் மருமகள். அத்தோடு பேச்சு முடியும்.

அந்த வழக்கு வீட்டு விஷயத்தில் வந்து முட்டியது. லயத்தை உடைத்துத் தனி வீடு கட்டிக் கொடுக்கிற திட்டத்தில் மேற்பிரிவுக்கு முப்பது வீடு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, இரண்டு அறை, உள்ளேயே சமைக்கக் குசினி. சுகிர்தம் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவர் போன வருட மழையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. மண் சரிந்தால் முதலில் சுவரோரம் படுக்கிற ஜெனுஷாவின் மேல்தான் விழும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருத்தராவது மலைக்குப் போனால்தான் அதில் குடியிருக்கலாம். சுகிர்தத்துக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்றுவிட்டால், இருபது வயதில் ஆங்கில டீச்சருக்குப் படித்துக்கொண்டிருக்கிற மகள் கூடையைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று பேரும் தெருவுக்கு வர வேண்டும். அது நடக்கக் கூடாது. அவள் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே பிடிவாதம் அதுதான்.

பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. ஆனால் குடும்பத் தலைவர் என்று மைக்கலின் பெயர். வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் கணேசமூர்த்தி என்கிற கிளாக்கர் நல்ல மனுஷன், உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"ஒண்ணு அவரு கையெழுத்து வேணும்மா. இல்லாட்டி இத்தன வருஷமா தகவல் இல்ல, உசுரோட இல்லன்னுதான் நம்புறோம்னு நீங்களும் அவங்க அம்மாவும் சத்தியக் கடதாசி குடுக்கணும். ரெண்டும் இல்லாட்டி வீடு அடுத்த பேருக்குப் போயிரும். இன்னும் மூணு மாசம் இருக்கு, அந்த மாசக் கடைசிப் புதன்கிழமைதான் கடைசி நாள்."

மூன்று மாதமாக சவரியம்மா அசையவில்லை. "பெத்த வாயால செத்தான்னு சொல்லச் சொல்றியா" என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். சுகிர்தம் கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். கடைசியில் ஜெனுஷா படுக்கிற இடத்தில், அந்த வெடிப்புக்குள் கிழவியின் விரலைப் பிடித்து நுழைத்துக் காட்டினாள். சவரியம்மா விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "சரி, வாரேன்" என்றாள். அது ஒரு வியாழக்கிழமை. புதன்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் சவரியம்மாவைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். இத்தாலியிலிருந்து லீவில் வந்த யாரோ நீர்கொழும்பு ஆள் ஹட்டன் கோயிலில் கொடுத்துவிட்டுப் போனாராம். அனுப்பினவர் விலாசம் கிடையாது. உள்ளே ஒரு சினிமாத் தட்டு, டிவிடி. உறையில் பழங்காலத்து வெள்ளைக்காரத் துரை மாதிரி சுருள் மயிர்த் தொப்பி வைத்த ஒரு கிழவனும், விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கிற ஒரு வேலைக்காரியும். கூடவே ஒரு துண்டுக் கடதாசி. ஜெனுஷா வாசித்தாள்.

"அம்மா, நான் சுகம். இதுல நான் நடிச்சிருக்கேன். பாருங்க. மைக்கல்."

அவ்வளவுதான். பெண்டாட்டி பிள்ளை என்று ஒரு எழுத்து இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் சுகிர்தத்துக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. கோயில் வாசலில் நின்று, பதினோரு வருடமாக அழாத ஒரு அழுகையை அழுதாள். உயிரோடு இருக்கிறான். நாசமாய்ப் போனவன், உயிரோடு இருக்கிறான்.

வெளிநாட்டிலிருந்து தட்டு வந்தால் அதை ஒரு வீட்டார் மட்டும் பார்க்கிற வழக்கம் மேற்பிரிவில் கிடையாது. லண்டனில் கல்யாணம், கனடாவில் பூப்புனித நீராட்டு என்று எது வந்தாலும் லயமே கூடிப் பார்க்கும். தட்டு வந்த வீட்டுக்காரர் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டும். இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிடுவதால் தட்டுப் போடுகிற பெட்டி யாரிடமும் இல்லை. முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அழகன் மட்டும் தன்னுடையதை மேசைக்கடியில் துணி போட்டு மூடி வைத்திருந்தான். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அவன் காம்பராவில் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சவரியம்மாவுக்கு முன்வரிசையில் கதிரை. வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை. மாப்பிள்ளையின் தாய் அப்படித்தான் உட்காருவாள்.

தொடங்கினதும் படத்தில் எல்லாரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சே கிடையாது, தண்ணீர் கேட்பதும் பாட்டு, கதவைச் சாத்து என்பதும் பாட்டு. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் ஐம்பது பேர் வயலின் வாசித்தார்கள். "நம்ம கூத்துதாம்ப்பா இது. வசனம் இல்ல, அவ்ளோதான்" என்றான் அழகன். அது சரியாகத்தான் இருந்தது. பாஷை தெரியாவிட்டாலும் கதை எல்லாருக்கும் பிடிபட்டது. கிழவனிடம் சொத்து இருக்கிறது. எவளையாவது கட்டிக்கொள்ளத் துடிக்கிறான். வேலைக்காரி அவனைப் பம்பரமாய் ஆட்டுகிறாள். கிழவன் அவள் பின்னால் ஓடித் தடுக்கி விழுந்தபோது அழகனின் காம்பராவே சிரித்தது.

பத்து நிமிடம் கழித்து மைக்கல் வந்தான். வேலைக்கார வேடம். முழங்கால் வரை காற்சட்டை, வெள்ளைக் காலுறை, முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி மா. மற்ற யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சுகிர்தத்துக்கு அவன் நின்ற நிலையிலேயே தெரிந்துவிட்டது. இடது தோளை ஒரு சாண் இறக்கித்தான் அவன் எப்போதும் நிற்பான். "அந்தா" என்றாள். சவரியம்மா கதிரையை விட்டு எழுந்து டீவிக்கு ஒரு முழம் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் மறைக்குது என்று சொல்லவில்லை.

அவன் பாடவில்லை. பேசவும் இல்லை. எல்லாரும் பாடுகிறார்கள், அவன் ஒருவன்தான் ஊமை. வேலைக்காரி அவன் கன்னத்தில் அறைந்தாள். கிழவன் பின்பக்கத்தில் உதைத்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாயைத் திறப்பான், திறந்ததும் யாராவது பாட ஆரம்பித்துவிடுவார்கள், வாயை மூடிக்கொள்வான். ஒரு தடவை மேலேயிருந்து ஒரு மூட்டை மா அவன் தலையில் கொட்டியது. அங்கே மண்டபம் நிறைய வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். இங்கே லயத்துச் சனம் சிரிக்கலாமா கூடாதா என்று சவரியம்மாவைப் பார்த்தது. கிழவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். "கெட்டிக்காரன், விழாம நிக்கிறான் பாரு" என்றாள். சுகிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்ப்பிரிவு வரை கேட்ட குரலை எங்கே கொண்டுபோய்த் தொலைத்தான் என்று நினைத்தாள். பாவம் என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பின்னால் அவள் தன்னையே காறித் துப்பினாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிழவனுக்கும் வேலைக்காரிக்கும் கல்யாணம் நடந்து முடிந்தது. எல்லாரும் வரிசையாக வந்து குனிந்து கும்பிட்டார்கள். மைக்கல் கடைசியில் வந்தான். அவனுக்கும் கை தட்டினார்கள். சனம் எழும்பப் போனது. அழகன் சும்மா இருந்திருக்கலாம். கல்யாண வீடியோ எடுத்த பழக்கம், தட்டில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவனால் மூட முடியாது. "இருங்க இருங்க, இன்னொரு துண்டு இருக்கு" என்று பொத்தானை அழுத்தினான்.

அது நாடகம் எடுத்த விதத்தைப் பற்றிய படம். பாடினவர்கள் ஒவ்வொருத்தராகக் கதிரையில் உட்கார்ந்து பேசினார்கள். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. கடைசிக்கு முதல் ஆளாக மைக்கல் வந்தான். முகத்தில் மா இல்லை. தலை பாதி நரைத்திருந்தது. நல்ல கோட்டுப் போட்டிருந்தான். இத்தாலிய பாஷையைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினான், அதே பிலாத்துக் குரலில். நடுவில் நிறுத்தினான். பிறகு மெதுவாக, தமிழ் பேசுகிற மாதிரியே உச்சரித்து, மூன்று பெயர் சொன்னான். சவரியம்மா. சுகிர்தம். ஜெனுஷா. சொல்லிவிட்டு விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அழகன் வீட்டுச் சுவர் மணிக்கூடு ஐந்து அடித்தது. சவரியம்மாவுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"எம்பேரச் சொன்னான். மொதல்ல எம்பேரத்தான் சொன்னான்."

"திரும்பப் போடு அழகா" என்றாள். அவன் போட்டான். மூன்று தடவை போட்டான். வெள்ளைக்காரன் முன்னால் பெற்றவள் பெயரைச் சொல்லிக் கண் கலங்குகிற பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பக்கத்து லயத்து மீனம்மா, "ஒன்னையும் மறக்கல பாரு சுகிர்தம்" என்று தோளைத் தொட்டாள். சுகிர்தத்துக்கு உடம்பு சிலிர்த்தது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஜெனுஷாவின் முகம் செத்துக் கிடந்தது. அந்தக் காம்பராவில் ஓடுகிற ஆங்கிலத்தை ஓடுகிற வேகத்தில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நாலாவது தடவை போடுவதற்குள் ஜெனுஷா எழுந்துபோய், "போதும் மாமா, தட்டு கீறல் விழுந்துரும்" என்று வெளியே எடுத்துவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் அம்மாவைப் பீலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குடத்தை வைத்துவிட்டு, பரீட்சைக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நேராக நின்று சொன்னாள்.

"அந்த வேஷத்துக்குப் பேச்சே இல்லியே, கஷ்டமா இல்லியான்னு கேக்குறாங்கம்மா. அவரு சொல்றாரு, எனக்கு அது கஷ்டமில்ல. நான் வன்னி ஆளு. சண்டையில ஒரே நாள்ல எங்கம்மா, எம்பொண்டாட்டி, எம்புள்ள மூணு பேரும் பங்கருக்குள்ள ஷெல் விழுந்து செத்துட்டாங்க. அதுக்குப் பொறகு பேசுறதுக்கு எனக்கு என்ன இருக்குன்னு. அதுக்குப் பொறகுதான் நம்ம பேரச் சொல்றாரு."

குடம் நிரம்பி வழிந்தது.

"எனக்கு நாலு வயசாம், செத்தப்ப" என்றாள் ஜெனுஷா.

யுத்தம் நடந்த வன்னி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மைக்கலுக்குத் தெரியாது. சண்டை முடிகிற வருடம் அவன் ஹட்டனில் லீக்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். கொழும்பில் ஒரு இரவு பொலிஸில் பிடித்து வைத்தார்கள், அடுத்த நாள் தோட்டத்துத் துரையின் கடிதத்தைக் காட்டி விட்டுவிட்டார்கள். அவனுக்கும் யுத்தத்துக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் பஞ்சம் என்றால் எந்த நாட்டுக்காரனும் அகதி விசா தர மாட்டான் என்று அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நிஜமாகவே குழிக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அவர்கள் சாவைத் திருடித் தன் வீட்டு ஆட்களுக்கு உடுத்திவிட்டான். பதினோரு வருடம் ஏன் போன் வரவில்லை என்பதற்கு இப்போது காரணம் கிடைத்தது. செத்தவர்களுக்கு யார் போன் எடுப்பார்கள். இதில் அந்தத் தட்டை வேறு அனுப்பியிருக்கிறான். நடித்ததை யாராவது ஊரில் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. லயத்தில் இத்தாலி பாஷை எவனுக்குத் தெரியப் போகிறது என்ற தைரியம். தன் மகள் வளர்ந்து ஆங்கிலம் படிப்பாள் என்று அவன் கணக்குப் போடவில்லை. அவள்தான் நாலு வயதிலேயே முடிந்துவிட்டாளே.

"அப்பாயிகிட்ட சொல்லிராத" என்றாள் சுகிர்தம். வழிகிற குடத்தை இடுப்புக்குத் தூக்கினாள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் சவரியம்மா நின்றாள். வேலையை விட்டுப் பதினாலு வருடமானவள், ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொன்னாள்: மைக்கல் உயிரோடு இருக்கிறான், நாடகக் கொம்பனியில் இருக்கிறான், என் பெயரைச் சொன்னான். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அடுப்பருகே உட்கார்ந்துகொண்டு சுகிர்தம் வீட்டுப் பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு ஆபீசுக்குப் போகணும் அத்தை."

"போவமே. போய்ச் சொல்லுவோம். எம்மகன் இருக்கான், வீட்ட அவன் பேருக்கே எழுதுங்கன்னு."

"கையெழுத்து கேப்பாங்க."

"அனுப்புவான். பேரச் சொல்லி அழுதவன் ஒரு கையெழுத்து போட மாட்டானா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுவோம்."

"எங்க அனுப்பச் சொல்றது? வெலாசம் இருக்கா ஒங்ககிட்ட?"

"கெடைக்கும்" என்றாள் சவரியம்மா. "ஒனக்கு வீடுதான் பெருசு. எனக்கு எம்புள்ள."

அந்த வார்த்தைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்ததை சுகிர்தம் தேத்தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள். கிழவி இந்த மூன்று நாளாக ஒரு வேளைச் சோறு அதிகமாகச் சாப்பிடுகிறாள், ராத்திரி இருமல்கூட இல்லாமல் தூங்குகிறாள். அதைப் போய்ப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் சுவரோரம் பாயை விரித்த மகளைப் பார்த்தபோது, பிடுங்காமல் இருக்கவும் மனம் வரவில்லை. விடியும்வரை இரண்டுக்கும் நடுவில் கிடந்து புரண்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அலுவலகத்து வாங்கு உட்கார இடமில்லாமல் நிறைந்துவிட்டது. எல்லாரும் பல தோட்டங்களிலிருந்து இதே கடைசி நாளுக்கு வந்தவர்கள். இவர்களுடைய நம்பர் பத்தொன்பது. சவரியம்மா ஞாயிற்றுக்கிழமைச் சேலையையே கட்டியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ராகலைக்காரியிடம் மைக்கலைப் பற்றி முழுக் கதையும் சொல்லி முடித்தாள். பிறகு உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஐயா, எம்மகன் மைக்கல் உசுரோட இருக்கான். பெரிய மேடையில நடிக்கிறான். எம்பேரச் சொல்லி அழுதான், லயமே பாத்துச்சு. அப்படித்தான் சொல்லணும், என்ன?"

"அத்தை, அப்படிச் சொன்னா வீடு போயிரும்."

"போனாப் போகட்டும். எம்புள்ள பேரைச் சாவுக் கடதாசியில நான் எழுத மாட்டேன். நீ வேணுன்னா எழுது. கட்டினவளுக்குத் தாலி ஒரு கயிறுதானே. பெத்தவளுக்கு அப்படியா?"

சுகிர்தத்துக்கு அந்த இடத்தில் அறுந்தது. பதின்மூன்று வருடம் இந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு யாருடைய தாய்க்குக் கஞ்சி வைத்தாள், யாருடைய தாய்க்குப் பீ மூத்திரம் அள்ளினாள். சத்தம் போட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் சத்தமாகத்தான் வந்தது.

"ஒங்க புள்ள ஒங்களக் கொன்னு பதினோரு வருஷமாச்சு. அந்தப் படத்துல அவரு என்ன சொல்றாருன்னு தெரியுமா ஒங்களுக்கு? எங்கம்மா செத்துட்டா, பொண்டாட்டி செத்துட்டா, புள்ள செத்துட்டான்னு சொல்றாரு. சண்டையில ஷெல் விழுந்து செத்துட்டமாம். அதுக்குத்தான் நம்ம பேரு. செத்தவங்க பேரு. ஜெனுஷா இங்கிலீசுல வாசிச்சா. அந்த ஊர்ல நமக்கெல்லாம் பூசையே குடுத்துருப்பாங்க. நீங்க அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்து ரசிக்கிறீங்க."

வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராகலைக்காரி தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள். சொல்லி முடித்ததும் பச்சைப் பிள்ளையை அடித்தவள் மாதிரி சுகிர்தம் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றால் எடுத்துக்கொண்டிருப்பாள்.

சவரியம்மா எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"என்னையும் சேத்தா?"

சுகிர்தம் நம்பர் எழுதின துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறேன்ல. என்னையும் சேத்தா?"

"ஆமா அத்தை."

"மொதல்ல எம்பேரு."

"ஆமா."

கிழவி தலையை ஆட்டினாள். அழவில்லை. முந்தானையை எடுத்து வாயை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். பதினேழு போயிற்று, பதினெட்டுப் போயிற்று. பத்தொன்பது என்று கூப்பிட்டபோது சுகிர்தம் கை கொடுக்கப் போனாள். கிழவி கையைப் பிடிக்காமல் வாங்கை ஊன்றி எழுந்தாள்.

கணேசமூர்த்தி சத்தியக் கடதாசியை முன்னாலேயே எழுதி வைத்திருந்தார். வாசித்துக் காட்டினார். மேற்படி மைக்கல் என்பவர் நாட்டை விட்டுச் சென்றவர். பல வருடங்களாக அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. அவர் உயிருடன் இல்லை என்றே நாங்கள் நம்புகிறோம். சுகிர்தம் கையெழுத்துப் போட்டாள். பேனா ஓடியது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கிளாக்கர் சவரியம்மாவின் பக்கம் திரும்பிக் குரலை இறக்கிக்கொண்டார்.

"பெரியம்மா, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. உங்க மகன் கடைசியா எந்தத் தேதி வரைக்கும் உசுரோட இருந்ததா உங்களுக்குத் தெரியும்? அத எழுதணும்."

"ஞாயித்துக்கெழம" என்றாள் சவரியம்மா.

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"இந்தா போன ஞாயித்துக்கெழம. சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் இருந்தான்."

கணேசமூர்த்தி பேனாவை வைத்துவிட்டு சுகிர்தத்தைப் பார்த்தார். வயதானவர்களை அவர் நிறையப் பார்த்தவர். "பெரியம்மாவுக்கு நெனவு கொஞ்சம் தடுமாறுது போல" என்றார் இரக்கமாக. "நீங்க சொல்லுங்கம்மா."

"ரெண்டாயிரத்துப் பதினாலு" என்றாள் சுகிர்தம். "நத்தாருக்கு மொத வாரம்."

அவர் எழுதிக்கொண்டார். மைப் பெட்டியைத் திறந்து கிழவியின் முன்னால் தள்ளினார். சவரியம்மா பெருவிரலை மையில் தோய்த்து, யாரும் பிடித்துக் காட்டாமல், கோட்டுக்கு மேலே தானே வைத்தாள். அழுத்தின அழுத்தத்தில் ரேகை கலங்கி வெறும் கறுப்பாக விழுந்தது. இது தெரியவில்லை பெரியம்மா, இன்னொரு தடவை வையுங்கள் என்றார் அவர். அவள் விரலைத் துடைத்துவிட்டு, திரும்பவும் தோய்த்து, பக்கத்திலேயே வைத்தாள். இரண்டாவது தடவை சரியாக விழுந்தது.